ஊர் கூடிப் பேசி முடிக்கும் விவகாரமா இது?

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு சிறுமியிடம், அந்தக் குடும்பத்துக்கு நன்கு தெரிந்த பெரியவர் ஒருவர் தவறாக நடந்துகொண்டார். போலீசுக்குப் போனால் பெண்ணின் பெயர் கெடும் என்று ஊரார் கூடி, அவருக்கு அபராதம் விதித்துப் பேச்சை முடித்துவிட்டார்கள். குழந்தைகளைக் காப்பதில் சமூகத்துக்கும் பங்கு உண்டு என்று நீங்கள்தானே எழுதுகிறீர்கள்? (வாசகரின் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

பதில்: எழுதினேன், இனியும் எழுதுவேன். ஆனால் உங்கள் ஊர்க்கூட்டம் காப்பாற்றியது அந்தப் பெரியவரைத்தான். அபராதப் பணம் யார் கைக்குப் போனது என்று நீங்கள் சொல்லவில்லை. அவர் நாளையும் நடமாடப்போகும் தெரு வழியாகத்தான் அந்தச் சிறுமி பள்ளிக்குப் போயாக வேண்டும் என்பதைக் கூட்டத்தில் ஒருவராவது நினைத்துப் பார்த்தாரா?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் இப்படிப்பட்ட சமரசத்துக்கு இடமில்லை. குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நாட்டாமை செய்தவர்களே கூண்டில் ஏற நேரும். பெயர் கெடும் என்ற அச்சத்தையும் சட்டம் கணக்கில் கொண்டிருக்கிறது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வந்து வாக்குமூலம் பெற வேண்டும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடும் ஊடகத்துக்குத் தண்டனை உண்டு. பத்துப் பேர் நடுவில் விசாரித்த உங்கள் கூட்டத்தில் இதில் எந்தப் பாதுகாப்பு இருந்தது?

சமூகத்தின் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. இக்கொடுமையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவே இருப்பதால், வீட்டாருக்குச் சந்தேகம் எழுவதே அரிது. கடைக்குப் போகச் சொன்னால் அழும் பிள்ளையை அடம்பிடிக்கிறது என்கிறார் பாட்டி. வகுப்பில் அதன் பேச்சு நின்றுபோனது ஆசிரியைக்குத் தெரியும். அடிக்கடி வயிற்றுவலி என்று வருவது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். மூவரும் கலந்து பேசாதவரை அவை மூன்று சில்லறைச் சங்கதிகள். இதற்காகத்தான் ஊராட்சித் தலைவர் தலைமையில், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், குழந்தைகளின் பிரதிநிதிகள் ஆகியோரைக் கொண்ட கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவை அரசு வகுத்தது. உங்கள் ஊரில் அது கடைசியாக எப்போது கூடியது, அல்லது பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்தக் குழுவுக்கே கிடையாது என்னும்போது, உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஏது?

அறிந்தவர் எவராயினும் என்பதில் நீங்களும் அடக்கம். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்குத் தொடர முடியாது. உங்கள் கடிதத்தைப் படித்த நானும் அறிந்தவனாகிவிட்டதால், அதன் நகலைக் காவல்துறைக்கு அனுப்பிவிட்டேன்.