'காற்று எங்கள் துறை இல்லை' என்று நகராட்சி கைவிரித்தால்?

கேள்வி: எங்கள் தெருவில் ஓர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. காலையில் பள்ளி வாசலில் வண்டிப் புகை தாங்கவில்லை, பக்கத்துக் காலி மனையில் குப்பையும் எரிக்கிறார்கள். சுத்தமான காற்று வேண்டும் என்று நகராட்சியில் மனு கொடுத்தோம். 'அது எங்கள் துறை இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. வண்டிகளுக்கான புகை வரம்பு, எரிபொருள் தரம் எல்லாம் பெரும்பாலும் மேலே இருக்கும் அரசின் கையில். ஆனால் குப்பை அள்ளுவது, தெருப் பெருக்குவது, கட்டட அனுமதி, வண்டி நிறுத்த இடம் ஒதுக்குவது எல்லாம் பொதுவாக உள்ளாட்சியின் வேலைதான். காற்றைக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், இந்த வேலைகளைக் கேட்டால் அது கஷ்டம். அதனால் பழைய மனுவை மறந்துவிட்டு இரண்டு தனி மனுக்களாக எழுதுங்கள்.

குப்பை மனுவில் 'எரிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். குப்பை வண்டி ஒழுங்காக வராத இடத்தில்தான் பெரும்பாலும் தீ வைக்கிறார்கள், சருகைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் பெருக்குகிறவரே கொளுத்துவதும் உண்டு, அவருக்கு அபராதம் போட்டு என்ன ஆகப்போகிறது? இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: வண்டி வந்த நாள், வராத நாள், புகை கிளம்பிய நேரம், எரிந்தது சருகா பிளாஸ்டிக்கா. தேதியோடு நாலு புகைப்படம் போதும். வண்டி வராத நாளும் புகை நாளும் ஒத்துப்போனால் அந்த ஒரு பக்கமே உங்களுக்காகப் பேசும். கோரிக்கையும் சுருக்கமாக: எந்தெந்த நாளில் வண்டி வரும், சருகை மட்கவைக்க இடம் எங்கே.

பள்ளி வாசலுக்கு வருவோம். பிள்ளைகள் வரும் நேரத்திலும் போகும் நேரத்திலும் மட்டும் அந்தத் தெருவுக்குள் வண்டிகளை விடாமல் தடுப்பது ஒன்றும் புது யோசனை இல்லை, இத்தாலியின் போல்சானோ நகரம் 1989லேயே தொடங்கியது, இன்று லண்டனிலும் பாரிஸிலும் நூற்றுக்கணக்கான பள்ளித் தெருக்கள் இருக்கின்றன. நிரந்தரமாகக் கேட்காமல் ஒரு பருவத்துக்குச் சோதனையாகக் கேளுங்கள், சோதனை என்றால் அதிகாரிக்குக் கையெழுத்துப் போடுவது எளிது. தெருவில் குடியிருப்பவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் விலக்கு என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், அவர்களிடம் நகராட்சிக்கு முன்னால் நீங்களே போய்ப் பேசுங்கள்.

சென்சார் வாங்கி அளக்கலாமா என்று யோசிப்பீர்கள். அளக்கலாம், ஆனால் விலை குறைந்த கருவிகள் ஒளியை வைத்துத் துகளை எண்ணுபவை, பனிமூட்டமான காலையில் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணி எண்ணிக்கையை ஏற்றிவிடும். அதனால் ஒரே மாதிரி இரண்டு கருவிகளை முதலில் ஒரே இடத்தில் வைத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஒன்றை வாசலிலும் இன்னொன்றைப் பின்தெருவிலும் ஒரே நேரத்தில் வைத்து ஒப்பிடுங்கள். காலை எட்டரை மணி அளவை வைத்து 'உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிவிட்டது' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். 2021ல் அவர்கள் நுண்துகளுக்கு (பிஎம் 2.5) கொடுத்த வழிகாட்டு அளவு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரியாக 15. ஒரு மணி நேர எண்ணை அதோடு ஒப்பிட்டால் விவரம் தெரிந்த பொறியாளர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் ஓரங்கட்டிவிடுவார்.

சென்சார் காட்டும் எண்ணைவிட, புகை பிள்ளைகளை என்ன செய்கிறது என்று ஒரு குழந்தை மருத்துவர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு. லண்டனில் போக்குவரத்து மிகுந்த சாலையருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013ல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் தாய் விடாமல் போராடியதில், 2020ல் மரண விசாரணை அதிகாரி காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று பதிவு செய்தார். அதுவரை அந்த நாட்டில் அப்படி ஒரு பதிவே கிடையாது.

நேரமும் முக்கியம். பட்ஜெட் தயாராவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கவுன்சிலரைப் பாருங்கள், நிதி ஒதுக்கிய பிறகு போனால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார்கள். அப்புறம், புகையை உறிஞ்சும் கோபுரம் வைத்துத் தருகிறோம் என்று சொன்னால் மயங்காதீர்கள். செலவு பெரிது, திறந்த வெளியில் பலன் சொற்பம், வாசலில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினும் அப்படியேதான் ஓடும்.