ராசா உடுப்புத் தைக்கக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறேன், வயது 38. கணவருக்கு மாதச் சம்பளம். இரண்டு பிள்ளைகள், மாமியும் எங்களோடுதான். பாடசாலை நாடகங்களுக்கும் கூத்துகளுக்கும் பழைய காலத்து உடுப்புகள் தைத்துக் கொடுக்கிறேன். இந்த வேலையில் எனக்கு உயிர். ஒரு ராசா உடுப்பு 9,000 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். துணி, லைனிங், சரிகை எல்லாம் சேர்த்து 5,200 முடிகிறது. தைக்க 20 மணித்தியாலம் போகிறது. பகலில் வீட்டு வேலை, பிள்ளைகளின் ரியூசன், மாமியின் கிளினிக். அதனால் இரவு ஒரு மணி வரை இருந்து தைக்கிறேன். செலவு போகச் சராசரியாக மாதம் 18,000 வருகிறது, சில மாதம் ஒன்றுமே இல்லை. கணவர், "சாறி பிளவுஸ் மட்டும் தை, போதும்" என்கிறார். ஒரு நிதி நிறுவனம் இண்டஸ்ட்ரியல் மெசினும் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லொக்கும் வாங்க 150,000 ரூபாய் கடன் தருவதாகச் சொல்கிறது. 20 வீத வட்டி, ஒரு வருடம், மாதம் 15,000 கட்ட வேண்டுமாம். எடுக்கலாமா? இல்லாவிட்டால் நகையை அடைவு வைக்கலாமா? இப்போது ஒரு பாடசாலை யாழ்ப்பாண ராசா சங்கிலியனின் நாடகத்துக்கு 6 உடுப்பு, 5 கிழமையில் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, கடன் வேண்டாம், அடைவும் வேண்டாம். நீங்கள் சொன்ன நிபந்தனைப்படி மாதம் 15,000 கட்ட வேண்டும். 18,000 வருகிற மாதத்தில் எப்படியோ கட்டிவிடலாம், ஒன்றுமே வராத மாதத்தில் அது கணவரின் சம்பளத்திலிருந்துதான் போகும். அந்த 20 வீதமும் உண்மையில் 20 வீதம் இல்லை. மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போகிறீர்கள், வட்டியை மட்டும் கடைசி மாதம் வரை முழு 150,000க்கும் போடுகிறார்கள். மீதித் தொகைக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 35 வீதம் அளவில் வரும். யார் கடன் தர வந்தாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: வட்டி முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா? வடக்கில் கிழமைக்குக் கிழமை திருப்பிக் கட்டும் நுண்கடன் எத்தனை பெண்களின் நித்திரையைக் கெடுத்தது என்பது உங்களுக்கும் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க வேண்டி வந்தது.

வட்டி குறைவாக இருந்தாலும் இந்தக் கடனை நான் எடுக்கச் சொல்லமாட்டேன். உங்கள் 20 மணித்தியாலம் எதில் போகிறது என்று பாருங்கள். நேர்த்தையல் இண்டஸ்ட்ரியல் மெசினில் வேகமாக ஓடும், சரி. ஆனால் சரிகை வைப்பது, மணி கோர்த்துத் தைப்பது, கொழுக்கி, கழுத்துப்பட்டியின் மடிப்பு எல்லாமே கைவேலை. மெசின் மிச்சம் பிடித்துத் தருவது இரண்டு மூன்று மணித்தியாலம்தான். உங்களுக்குத் தட்டுப்பாடு மெசின் இல்லை, நேரம். ஆகவே கணக்கையும் ரூபாயில் தொடங்காமல் மணித்தியாலத்தில் தொடங்குவோம்.

ராசா உடுப்பில் உங்களுக்கு மிஞ்சுவது 3,800. இருபதால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 190 ரூபாய். லைனிங் வைத்த பிளவுஸுக்கு 1,200 வாங்கி, லைனிங், நூல் செலவு 300 போக, இரண்டரை மணித்தியாலத்தில் 900 மிஞ்சுகிறது என்று வையுங்கள். அது மணித்தியாலத்துக்கு 360. இப்போதைய விலையில் கணவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பிழை விலையில் இருக்கிறது, வேலையில் இல்லை. உங்கள் நேரத்துக்கு அதே 360ஐப் போட்டால் அந்த உடுப்பின் அடக்கவிலையே 12,400. 9,000க்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு உடுப்போடும் 3,400 ரூபாயை உங்கள் நித்திரையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

சரி, எந்தப் பாடசாலை ஒரு உடுப்புக்கு 13,000 தரும்? அநேகமாகத் தராது. அதனால் விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். ஒரு தடவைக்கு 2,500, திருப்பித் தரும் முற்பணம் 3,000. கழுவவும் கிழிந்ததைத் தைக்கவும் 700 போனால் 1,800 நிற்கும். ஏழு தடவை போய்வந்தால் துணியும் உங்கள் நேரமும் திரும்பிவிடும். அதற்குப் பிறகு அதே உடுப்பு, புதிதாகத் தைக்காமலே உழைக்கும். ஏழு தடவை என்பது இங்கே பெரிய தொகை இல்லை. பாடசாலைகளுக்கான தமிழ்த்தினப் போட்டியில் ஒரு நாடகம் வென்றால் கோட்டம், வலயம், மாகாணம் என்று அதே உடுப்பு மறுபடி மறுபடி மேடையேற வேண்டும். தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகங்கள், கோயில் திருவிழாக் காலத்தில் கூத்து, வருடக் கடைசியில் பரிசளிப்பு விழா. இந்தப் பருவங்களை ஒரு கலண்டரில் குறித்து, வேலை இல்லாத மாதங்களில் அடுத்த பருவத்துக்குத் தைத்து வையுங்கள். அந்த மாதங்களில் வீட்டுச் செலவுக்குப் பிளவுஸ் தைப்பதும் தவறில்லை.

வாடகைக்கு விடும் உடுப்பைத் தைக்கும் முறையே வேறு. ஒரு பிள்ளையின் அளவுக்குச் சிக்கெனத் தைத்தால் அது அந்தப் பிள்ளையோடு முடிந்துவிடும். பின்பக்கம் நாடா வைத்து இறுக்கவும் தளர்த்தவும் விடுங்கள், ஓரத்தில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து வையுங்கள். கழுத்துப்பட்டியைத் தனியே தைத்து, கொழுக்கியால் மாட்டுங்கள். இதில் வரலாற்றுக்கும் பணத்துக்கும் நல்ல பொருத்தம் இருக்கிறது. சங்கிலியனைப் பிடித்து யாழ்ப்பாண அரசை முடித்த 1619ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசத் தளபதிக்கு, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக நிற்கும் வெள்ளைப் பட்டி பொருந்தும். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தருக்குத் தோளில் தட்டையாக விழும் பட்டி. கறுப்பு மேற்சட்டை ஒன்றுக்கு இரண்டு பட்டி இருந்தால் இரண்டு நாடகத்துக்கும் அதையே கொடுக்கலாம். தலைப்பாகையும் நீளக் கோட்டும் ஒரு செட் இருந்தால் பிரித்தானியர் ஆட்சிக்காலத் தமிழ்த் தலைவர் சேர் பொன். இராமநாதன் காலத்து மேடைக்கும் போதும். கூத்தில் கட்டும், வட்டமாக விரிந்து நிற்கும் கரப்புடுப்பு மட்டும் இடத்தை அடைக்கும், கொண்டுபோய் வரவும் கஷ்டம். அதற்கு வாடகையைக் கூட்டித்தான் கேட்க வேண்டும்.

வீட்டுப் பக்கம் வருகிறேன். இரவு ஒரு மணி வரை தைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கண்ணும் இடுப்பும் போனால் அந்தச் செலவை எந்த வாடகையும் ஈடுசெய்யாது. பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை உங்கள் தையல் நேரம். கிழமைக்கு 15 மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலத்தில் குசினிக்குள் போகாமல் இருக்க என்ன வேண்டுமோ அதற்குத் தையல் காசிலிருந்தே செலவழியுங்கள். கிழமையில் இரண்டு இரவு பக்கத்தில் இடியப்பமும் சம்பலும் வாங்குவது உங்கள் தொழிலின் ஒரு செலவு, துணி வாங்குவதைப் போலத்தான். அதைக் கொப்பியில் அப்படியே எழுதுங்கள். ரியூசனுக்குக் கொண்டுபோய் விடும் இரண்டு மாலைகளைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். கிளினிக் நாளை முன்கூட்டியே குறித்து, அந்தக் கிழமையில் ஓடர் குறையுங்கள். மணி கோர்க்க அயலில் கைத்தையல் தெரிந்த ஒருவர் இருந்தால் உடுப்புக்கு இவ்வளவு என்று நியாயமான கூலி பேசிக் கொடுங்கள். அவருக்கும் ஒரு வருமானம்.

உங்கள் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறவுங்கள். வாடகைக் காசு வீட்டுச் செலவோடு கலக்கும் வரைக்கும் இந்தத் தொழில் உழைக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது, கணவருக்கும் காட்ட முடியாது. ஓவர்லொக் ஒன்று நல்லதுதான். அந்தக் கணக்கில் காசு சேர்ந்த பிறகு, நம்பிக்கையான இடத்தில் பாவித்த மெசினாகப் பார்க்கலாம்.

இனி அந்த 6 உடுப்பு. ஆறுக்கும் 120 மணித்தியாலம் வேண்டும், 5 கிழமையில் உங்களிடம் இருப்பது 75. முழுவதையும் ஏற்க வேண்டாம். பொறுப்பாசிரியரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "சேர், சங்கிலியன், மந்திரி, போர்த்துக்கீசத் தளபதி, மூன்றும் நான் தைத்து வாடகைக்குத் தருகிறேன். ஒன்றுக்கு 2,500, முற்பணம் தனி. துணி வாங்க முழு வாடகையும் இப்போதே வேண்டும். அடுத்த சுற்றுக்குத் தெரிவானால் அதே உடுப்பு 2,000க்கு. மற்ற மூன்று சிப்பாய்க்கும் பிள்ளைகளிடம் இருக்கும் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போதும், மேலே போடும் பட்டியும் தொப்பியும் நான் செய்து தருகிறேன்." பட்டிக்கும் தொப்பிக்கும் தனி விலை சொல்ல மறக்காதீர்கள்.