தோடு போடும் இடம் மட்டும் ஏன் சிவக்கவில்லை?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 52. அல்சூரிலிருந்து பீன்யாவுக்குத் தினமும் டூவீலரில் வேலைக்குப் போய் வருபவர். எட்டு மாதத்தில் மூன்றாவது முறையாக வலது காது செக்கச்செவேலென்று வீங்கியிருக்கிறது, ஹெல்மெட் மாட்டினால் உயிர் போகிறது என்கிறார். முன்பு இரண்டு தடவையும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், பத்து நாளில் அடங்கியது. இப்போது இடது காதும் சேர்ந்துகொண்டது, போன வாரத்திலிருந்து குரலும் கம்மியிருக்கிறது. அடிபட்டதில்லை, சீழ் இல்லை, தோடு போடும் இடம் மட்டும் சாதாரணமாக இருக்கிறது. இது ‘ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ்’ என்கிறாள் மகள், சிக்கன் சூடு என்கிறார் மாமியார். பிள்ளைகளுக்கும் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு.

பதில்: நேரில் பார்க்காமல் முத்திரை குத்தமாட்டேன், ஆனாலும் என் ஓட்டு உங்கள் மகளுக்குத்தான். போகிற போக்கில் எழுதினீர்களே, அந்தத் தோடு விஷயம் முக்கியமானது. காது மடல் முழுக்கக் குருத்தெலும்பு. தோடு போடும் சோணையில் மட்டும் அது கிடையாது, வெறும் தோலும் கொழுப்பும்தான். தோலில் கிருமி புகுந்தால் சோணையும் சேர்ந்து வீங்கும். குருத்தெலும்பில் கிருமி புகுந்தாலும் சோணை தப்பலாம், ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஒரு காயமோ காது குத்தியதோ காரணமாக இருக்கும், இப்படி இரண்டு காதிலும் வந்து வந்து போகாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குருத்தெலும்பைத் தாக்கும் இந்த நோய் தானாக அடங்கும், தானாகத் திரும்பும். நல்ல பேர் ஆன்டிபயாடிக்குக்குப் போய்விடுகிறது. வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் புதிதாக வருகிறது என்பதால் முதலில் பார்த்த டாக்டர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

சரி, காது இருக்கட்டும், எனக்குக் கவலை அந்தக் குரல்தான். குரல்வளையும் மூச்சுக்குழாயும் மூடிக்கொள்ளாமல் நிற்பதே குருத்தெலும்பின் தயவில். அது வீங்கினால் வழி குறுகும், இளகினால் மூச்சுவிடும்போது குழாய் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி சத்தமோ படுத்தால் திணறலோ இருந்தால், விடியட்டும் என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். என்றைக்காவது ஆபரேஷன் என்று வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையென்றாலும் மூட்டுவாதமும் இப்படி எதிர்ப்புச் சக்தி தடம் மாறும் நோய்களும் பார்க்கும் ஒரு ருமட்டாலஜிஸ்ட்டை இந்த வாரமே பாருங்கள். போவதற்கு முன் சிவந்த காதை செல்போனில் நாலு படம் எடுத்து வையுங்கள், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் அது நல்ல பிள்ளையாக மாறியிருக்கும். இந்த நோய்க்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தச் சோதனைகள் இரண்டும் அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். மூச்சை இழுத்தும் விட்டும் எடுக்கும் சிடி ஸ்கேன், ஊதிப் பார்க்கும் சோதனை, இதயத்துக்கு எக்கோ, கண், செவித்திறன் எல்லாம் பார்ப்பார்கள். ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு இதே முகத்தோடு வரும் ‘வெக்சஸ்’ என்ற நோயை 2020-இல்தான் அடையாளம் கண்டார்கள், அது ரத்த அணுக்களையும் பாதிக்கும் என்பதால் அவற்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டில் தொடங்கும், அப்புறம் அதன் அளவைக் குறைக்க மெத்தோட்ரெக்சேட் மாதிரி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து ஏதாவது சேர்ப்பார்கள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறலாம். காசநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம். காது சரியாகிவிட்டதே என்று அவராகவே ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால்தான் வம்பு.

இது தொற்றாது, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பரம்பரை வியாதியும் இல்லை. சிக்கனுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள்.