ஊட்டிக் குறிஞ்சியும் கொடைக்கானல் குறிஞ்சியும் ஒன்றுதானா?

கேள்வி: மலைப்பூக்களின் மரபணுவைப் படித்து அவை எங்கிருந்து வந்தன, எப்படி மாறின என்று சொல்ல முடியுமா? நம் ஊர்ப் பூக்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

முடியும். பிரயோஜனமும் உண்டு, முக்கியமாகக் குறிஞ்சி நாற்று நட ஆசைப்படுகிறவர்களுக்கு. எனக்குச் சொந்த ஊர் கொடைக்கானல் மேல்மலை. தாவரவியல் படித்து முடித்த கையோடு இரண்டு சீசன் ஓர் ஆய்வுக் குழுவுக்கு இலை சேகரித்தேன். அதை வைத்து எழுதுகிறேன்.

வனத்துறை அனுமதி கையில் இருக்க வேண்டும், அதுதான் முதல் வேலை. அப்புறம் பூச்சி அரிக்காத இளம் இலையாகப் பார்த்து ஒன்றிரண்டு கிள்ளி, சின்னக் காகிதப் பையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிரம்பிய கவருக்குள் வைப்போம். இலை சீக்கிரமே அப்பளம் போல நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிட வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் உள்ளே இருக்கும் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். முதல் சீசனில் மன்னவனூர்ப் பக்கம் மூன்று நாள் விடாத மேகமூட்டம். நீலமாக இருந்த ஜெல் உருண்டைகள் ஈரத்தைக் குடித்து ரோஸ் நிறமாகிவிட்டன. நான் அதைக் கவனித்து மாற்றவில்லை. கவரைத் திறந்தால் இலையெல்லாம் பழுப்பேறிப் புளித்த வாடை. அதே சரிவில் திரும்ப ஏறி, திரும்பக் கிள்ளினோம்.

சரி, அந்த இலையில் என்ன படிக்கிறார்கள்? பெரும்பாலான பூச்செடிகளில், இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தின் டிஎன்ஏ தாய்ச்செடியிடமிருந்து மட்டும் வரும். ஆகவே அதைப் பின்தொடர்ந்தால் விதை போன வழி தெரியும். செல்லின் நடுவே உள்ள உட்கருவின் டிஎன்ஏ தாய், தந்தை இரண்டு பக்கமும் வருவதால், தேனீ சுமந்த மகரந்தம் போன வழியையும் அது காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு மலைக்கு விதையே வந்து சேராமல் மகரந்தம் மட்டும் வந்துகொண்டிருந்ததா என்றுகூடச் சொல்லிவிடலாம். இன்னொன்று எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒரே ஒரு செடிக்குள் இருக்கும் தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் எந்த அளவுக்கு வேறுபடுகின்றன என்று பார்த்தே, அதன் முன்னோர் கூட்டம் எந்தக் காலத்தில் பெருகியது, எப்போது சுருங்கியது என்று கணக்கிட முடிகிறது.

எங்கள் பழனி மலைக்கும் நீலகிரிக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் 6,000 அடிக்கு மேல் குளிரில் வாழும் செடிக்கு அந்தச் சூடான தாழ்நிலம் கடல் மாதிரி. சோலைக்காட்டுத் தரையில் தத்தித் திரியும் சின்ன நீலக் குருவியை நெடுங்காலம் ஒரே இனமாக எண்ணியிருந்தார்கள். கணவாய்க்கு வடக்கே இருப்பதும் தெற்கே இருப்பதும் வெகுகாலம் முன்பே பிரிந்துவிட்டன என்று டிஎன்ஏ காட்டியது. இன்று இரண்டும் தனித்தனி இனங்கள். இறக்கை இருக்கிற பறவைக்கே இந்தக் கதி. குறிஞ்சி விதை காய் வெடித்துத் தாய்ச்செடியின் பக்கத்திலேயே விழுகிறது.

காலக்கணக்கில் குறிஞ்சி தனி ரகம். டிஎன்ஏ மாற்றங்கள் தலைமுறைக்குத் தலைமுறை சேருவதால், ஒரு தலைமுறை எத்தனை ஆண்டு என்று தெரிந்தால்தான் அவற்றை ஆண்டுகளாக மாற்ற முடியும். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, செத்துப்போகும். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் சதுப்பு மண்ணைத் தோண்டி, அதிலுள்ள கார்பனை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் கடுமையாக இருந்தபோது இங்கே வறட்சி, புல்வெளி பரந்து கிடந்தது. பின்னால் பருவமழை வலுத்ததும் நிலைமை மாறியது என்று அந்த மண் சொல்கிறது. ஒரே ஆண்டில் முளைத்து, பூத்து, மடியும் செடிக்கு அந்தக் காலம் 20,000 தலைமுறை. குறிஞ்சிக்கு வெறும் 1,650 சொச்சம். குறிஞ்சி வாழும் புல்வெளி விரிந்து சுருங்கிய தடம் அதன் மரபணுவில் இன்னும் பழசாகாமல் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இமயமலையில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரானின் நெருங்கிய சொந்தம் நம் சோலை ஓரத்திலும் நிற்கிறது. நடுவே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். அது வந்த வழியையும் இதே முறையில் தேடலாம். கோயம்புத்தூர் உலர்தாவரத் தொகுப்பில் காய்ந்த செடிகளை ஒட்டிவைத்திருக்கும் பழைய தாள்களும் இதற்கு உதவும். நகக்கண் அளவு இலை போதும். டிஎன்ஏ உடைந்திருந்தாலும், இன்றைய கருவிகளில் பலவும் சின்னத் துண்டுகளைத்தானே படிக்கின்றன.

இனி நாற்று விஷயம். சீகை (வாட்டில்), பைன், கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை அகற்றிய சரிவுகளில் குறிஞ்சி நட இப்போது பலர் முன்வருகிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து நாற்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் கொடைக்கானல் பூம்பாறையில் நடாதீர்கள். கண்ணுக்கு ஒரே ஊதா. உள்ளே பல்லாயிரம் ஆண்டுகள் தனித்தனியாகச் சேர்ந்த வேறுபாடு இருக்கலாம். தேனீ ஒரே சீசனில் இரண்டையும் கலந்துவிடும். கலந்ததைப் பிரிக்கவே முடியாது.

2006, 2018-க்கு அடுத்து 2030-ல் குறிஞ்சி பூக்க வேண்டும். காய் முற்றி விதை எடுக்கக் கிடைப்பது அதற்கும் சில மாதம் கழித்து. வனத்துறையோடு சேர்ந்து விதை சேகரிக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எந்த மலை, எந்தச் சரிவு, எத்தனை அடி உயரம் என்று பென்சிலில் எழுதுங்கள். பேனா மை எங்கள் மேகமூட்டத்தில் நிற்காது.