கையால் தள்ளும் சக்கர நாற்காலி: நல்ல பிரேக் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும்தானே?

கேள்வி கேட்டவர் தன் அப்பாவுக்கு முதல் தடவையாக வீல்செயார் வாங்கப்போகிறார். "நல்ல பிரேக் இருந்தால் பயமில்லைத்தானே, வேறென்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த "பயமில்லைத்தானே" கண்ணில் பட்டதால்தான் படுக்கப் போனவன் திரும்பி எழும்பி வந்து இதை எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை, பிசியோதெரபி படித்தவனும் இல்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், பாண்டிருப்பில் இருக்கிற ஒரு கணித வாத்தியார். ஆறு வருடமாக அம்மாவின் கதிரையைத் தள்ளுகிறேன், அவ்வளவுதான் தகுதி. படித்தவர்கள் யாராவது பிழை கண்டால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் "கவனமில்லாத மகன்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை என் குடும்பத்திலேயே போதுமான அளவு கேட்டாயிற்று.

உங்கள் அப்பாவும் பாரிசவாதத்தில் விழுந்தவர் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். அம்மாவுக்கு வலப்பக்கம் ஏலாது. கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றும்போது கதிரையை அவவின் இடப்பக்கம், கட்டிலோடு கொஞ்சம் சாய்வாக நிறுத்துவேன். நல்ல பக்கத்தால்தான் மாற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தங்கச்சி காட்டித் தந்தது. கால்தட்டு இரண்டையும் மடித்துவிடுவேன். இரண்டு பக்கமும் பிரேக் போடுவேன். அன்றைக்கும் போட்டேன். விடிய ஐந்தே முக்கால், பள்ளிக்கூடம் போகிற அவசரம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிரேக் போட்டேன். இரண்டு லீவரும் "டக்", "டக்" என்று விழுந்த சத்தம் இப்பவும் காதில் இருக்கிறது.

அம்மா இடக்கையால் கதிரைக் கையைப் பிடித்து, அரைவாசி இருக்கப் போன நேரம் கதிரை பின்னுக்குப் போனது. ஓடவில்லை, ஒரு சாண்தான். டைல்ஸ் நிலம். ஒரு சாண் போதும். நான் இடுப்பைப் பிடித்திருந்தபடியால் மெதுவாகத்தான் நிலத்தில் இருந்தா, ஆனாலும் இருந்துவிட்டா. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. தொடையில் பனங்காய் அளவுக்குக் கன்றி, மூன்று கிழமை நீலமாகக் கிடந்தது.

கனடாவில் இருக்கிற அக்கா வீடியோவில் வந்து கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா தம்பி, நீ பிரேக் போடல்லையா?"

போட்டேன் அக்கா. இப்பவும் சொல்கிறேன், போட்டேன்.

அப்படியென்றால் ஏன் உருண்டது? பாவிக்கிற முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த நாள் கதிரையை மருதமுனையில் எனக்குச் சைக்கிள் திருத்துகிற காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது) கொண்டுபோனேன். அவர் லீவரைப் போட்டார், பெரிய சில்லைக் கையால் சுற்றினார். சில்லு சுற்றியது. பெருவிரலால் ரயரை அமத்தினார், பழுத்த வாழைப்பழம் மாதிரி உள்ளே போனது.

"சேர், உங்கட சைக்கிளுக்கு எத்தின நாளைக்கு ஒருக்கா காத்தடிக்கிற?"

"கிழமைக்கு ஒருக்கா."

"அம்மாட கதிரைக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதிரை வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். ஒரு நாளும் பம்மை வைத்ததில்லை. சைக்கிள் என்றால் காற்று, கதிரை என்றால் கதிரை. மண்டையில் அப்படித்தான் இருந்தது.

சைக்கிளின் முன் பிரேக் றிம்மைப் பிடிக்கும். வீல்செயாரில் அநேகமாக அப்படி இல்லை. லீவரைத் தள்ளினால் ஒரு சின்ன இரும்புத் துண்டு வந்து ரயரின் முகத்தில் அழுத்தும். பிரேக் என்றால் அவ்வளவுதான். அந்தத் துண்டு நகர்கிற தூரம் எப்போதும் ஒன்றே. காற்றுக் குறைந்தால் அது அழுத்த வேண்டிய முகம் மெத்தென்று ஆகி விலகிவிடும். லீவர் வழக்கம்போல "டக்" என்று விழும், கையும் நம்பும், ஆனால் பிடி இருக்காது. காற்றடிக்காத திண்ம ரயர் என்றாலும் தேயத் தேய இதே கதைதான். அப்போது பிரேக்கைப் பிடிக்கிற நட்டை இளக்கி, முன்னுக்குத் தள்ளி இறுக்க வேண்டும்.

ஆகவே கடையில் லீவரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இரண்டு பக்கமும் பிரேக் போட்டுவிட்டு, ஆளில்லாத கதிரையைப் பின்னால் நின்று தள்ளுங்கள். சில்லு இழுபட்டால் சரி, உருண்டால் சரியில்லை. வீட்டில் ஒவ்வொரு காலையும் இதைச் செய்ய ஐந்து செக்கன் போதும். எவ்வளவு காற்று என்பது ரயரின் பக்கத்திலேயே புடைப்பாக எழுதியிருக்கும், எங்களுடையதில் 65 PSI என்று இருந்தது. காற்றடித்த பிறகு பிரேக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், முந்தி மெத்தென்ற ரயருக்கு இறுக்கி வைத்திருந்தால் இப்போது லீவர் விழ மாட்டாது.

இன்னொன்று, அந்தப் பிரேக் நிறுத்தி வைக்கத்தான். இறக்கத்தில் ஓடுகிற கதிரையின் வேகத்தைக் குறைக்க அதைப் போட்டால் ஒரு பக்கம் பிடித்து மற்றப் பக்கம் ஓடும், ஆள் சரிந்துவிடும்.

காக்கா அதோடு விடவில்லை. முன்னுக்கு இருக்கிற சின்னச் சில்லைக் கழற்றினார். அச்சைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். வாசர் என்று நினைத்தேன். பிளேட்டால் கீறி இழுத்தார், நீளமாக வந்தது. அம்மாவின் நரைமுடி, சீலை நூல், தும்பு, கடற்கரை மணல், எல்லாம் எண்ணெயில் ஊறி முறுக்கிக் கிடந்தது. எண்ணெய் எங்கிருந்து வந்தது? நான்தான். கிறீச்சிடுகிறது என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லித் தேங்காயெண்ணெய் விட்டிருந்தேன். எங்கள் பக்கம் மணல் பூமி, எண்ணெய் விட்டால் ஒரு கிழமையில் அது பசைதான். இப்போது மாதம் ஒருக்கால் கதிரையைச் சாய்த்துவைத்து முடி இழுப்பது என் வேலை. நடுவில் கத்தரிக்கோல் மாதிரி மடிகிற மூட்டுக்கு மட்டும் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுவேன். ரயரிலும் பிரேக்கிலும் எண்ணெய் படவே கூடாது.

உங்கள் வீடும் கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றை மறக்க வேண்டாம். நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு தரம். இரும்புச் சட்டம் என்றால் கிழமைக்கு ஒருக்காலாவது. மார்கழி மழையில் விறாந்தையில் நனையவிட்டால் தை பிறக்க முதல் நட்டெல்லாம் செம்மண் நிறம்.

இந்தக் கதிரை வந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மண்டபத்தில் நாற்பது கதிரையை வரிசையாக வைத்து, மாலை போட்டு, ஆளுக்கொன்று கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, கையில் காசில்லாத நேரம் வந்த உதவி. ஆனால் நாற்பது பேரையும் ஒருவர்கூட அளவு பார்க்கவில்லை. எல்லாம் 18 அங்குல இருக்கை. அம்மாவின் இடுப்பு 14 அங்குலம். பக்கத்துக்கு ஓர் அங்குலம் இடைவெளி விட்டாலும் 16 போதும். அகலக் கதிரையில் இருந்து இருந்து அவ ஒரு பக்கம் சரிந்தபடியே பழகிவிட்டா. நாங்கள் தலகாணி செருகினோம். நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகிறவர், அப்பாவை இருத்தி அளந்துவிட்டு வாங்குங்கள். கால்தட்டு நிலத்தில் இருந்து இரண்டு அங்குலமாவது உயர நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நிலைப்படியில் முட்டும்.

இருக்கைக்கு நல்ல மெத்தை வேண்டும். வெறும் றெக்சினில் நாள் முழுக்க இருந்தால் புண் வரும். மெத்தையைப் பொத்திய கையால் அழுத்தும்போது அடித்தளம் தட்டுப்பட்டால் அது செத்துவிட்டது, மாற்றுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையை யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஓட்டையைச் சுற்றி அழுத்தம் கூடும். அரை மணிக்கு ஒருக்கால் ஆளை ஒரு பக்கம் சாய்த்து எடுங்கள், இரவில் தோல் சிவந்திருக்கா என்று பாருங்கள்.

தூக்குவது. ஒரு கல்யாண வீட்டில் நாலு பொடியன்கள் "விடுங்க சேர், நாங்க தூக்குறம்" என்று வந்தார்கள். நல்ல மனசுதான். ஒருவன் பிடித்தது கதிரைக் கையை. அது கழற்றுகிற கை. நான் கத்த முதல் அது அவன் கையோடு போய்விட்டது. அம்மா நல்ல கையால் என் சேட்டைப் பிடித்தபடியால் தப்பினா. சேட்டில் இரண்டு பொத்தான் போனது. ஆளோடு தூக்கினால் கழராத சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும், கதிரைக் கையும் கால்தட்டும் நம்பக்கூடியவை இல்லை. தூக்காமல் விட்டால் இன்னும் நல்லது. ஒரு படி ஏற்றுவதென்றால் பின்னால் இருக்கிற குழாயைக் காலால் மிதித்து, முன்சில்லை உயர்த்தி வைத்து, பிறகு பெரிய சில்லை ஏற்றலாம். இறக்கும்போது கதிரையைக் கிறுக்கி, அதாவது பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சில்லு முதலில் வர, நீங்கள் கீழே நின்று இறக்குங்கள். கடுமையான இறக்கத்திலும் அப்படித்தான். மணலிலும் கிறுக்கித்தான் இழுக்க வேண்டும், முன்னுக்குத் தள்ளினால் சின்னச் சில்லு புதைந்து ஆள் குப்புற வருவார். தீமிதிப்புப் பார்க்கத் திரௌபதை அம்மன் கோயிலுக்குப் போனபோது அம்மா வழி முழுக்கப் பின்பக்கமாகவே போனா. "எல்லாரையும் பாத்துக்கிட்டுப் போறன் மனே, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றா.

பின்கைப்பிடியில் சந்தைப் பையைக் கொழுவாதீர்கள். ஆள் எழும்பியதும் கதிரை மல்லாக்க விழும். கால்தட்டில் ஏறி நின்று எழும்ப விடாதீர்கள். எங்கள் மாமி சும்மா இருந்து பார்க்கப்போய் அப்படி எழும்பி, கதிரையோடு முன்னுக்கு வந்தா.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஓய்வூதிய அலுவலாக அம்மாவை ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். வாசலில் ஒன்றரை அடி உயரத்துக்குப் படி, பக்கத்தில் நாலடி நீளத்தில் ஒரு கொங்கிறீட் சரிவு, அதில் வீல்செயார் படம் வேறு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி வேண்டும், அப்போதுதான் சாய்வு 5 பாகைக்குள் நிற்கும். இவர்கள் கட்டியது 20 பாகைக்கு மேல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். 1996இல் வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 2006இல் கட்டடங்களுக்கு அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தன. சட்டம் இருக்கிறது, சரிவும் இருக்கிறது, ஏறத்தான் ஏலாது. உள்ளே இருந்தவர் வெளியே வந்து சொன்னது, "கொஞ்சம் நடத்திக் கூட்டிக்கொண்டு வாங்களன்." நடக்கிறவ என்றால் நான் ஏன் கதிரையை ஓட்டோவில் கட்டிக்கொண்டு வாறன்?

சரி, விடுவோம். அது என் கோபம்.

உங்கள் அப்பாவின் கதிரைக்கு நல்ல பிரேக் பார்த்து வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு பம்மும் வாங்குங்கள். கதிரையின் வால்வுக்கு அது பொருந்துமா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். என் சைக்கிள் பம் பொருந்தவில்லை, ஒரு சின்னப் பித்தளைத் தலை வாங்க வேண்டி வந்தது.

இப்போது சனிக்கிழமை காலையில் விறாந்தையில் சைக்கிளும் கதிரையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கதிரைக்குத்தான் முதலில் அடிப்பேன். அம்மா கட்டிலில் இருந்து "அமத்திப் பாத்தியா மனே?" என்று கேட்பா. அக்கா வாற மார்கழியில் வாறா. வந்ததும் அவவின் கையால் இரண்டு லீவரையும் போடவைத்து, காற்றிறக்கிய ரயரோடு அந்தக் கதிரையைத் தள்ளச் சொல்லப்போகிறேன்.