வேர்ட்பிரஸ் வகுப்புக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம்

அக்கா, தம்பியைச் சேர்க்கலாமா என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேர்ட்பிரஸ் வகுப்பு விவரத்தைப் பார்த்தேன். ஆறு சனிக்கிழமைக்கு 1,800 வெள்ளி! கட்டிவிடாதீர்கள். பயிற்சிக்காகச் சிங்கப்பூர் அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது 25 வயது ஆனவர்களுக்குத்தான், தம்பிக்கு 17. உங்கள் கணக்கில் இருப்பதை அவன் பெயருக்கு மாற்றவும் முடியாது.

இணையத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003இல் வந்ததிலிருந்தே இலவசம். நம் கணினியையே தளம் ஓடும் சர்வராக மாற்றும் எக்ஸாம்ப் (XAMPP) என்ற மென்பொருளும் இலவசம்தான். இரண்டையும் வீட்டுக் கணினியில் போட்டுவிட்டால், வெளியே யாருக்கும் தெரியாமல் எத்தனை தளம் வேண்டுமானாலும் கட்டலாம், உடைக்கலாம். 'என் லெவல்' (N-Level) பள்ளித் தேர்வை முடித்துவிட்டு, ஐடிஇ தொழிற்கல்லூரி திறக்கும்வரை சும்மா இருக்கும் பையனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை.

தளத்தை நிறுவ ஒரு மதியம் போதும். அதை விழாமல் வைத்திருப்பதுதான் வேலை. நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். பஃபலோ ரோட்டில் பூக்கடை வைத்திருந்த ஓர் அங்கிளுக்குத் தளம் செய்து கொடுத்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருளான பிளகின் ஒன்றை அப்டேட் செய்தேன். திரை முழுக்க வெள்ளை, உள்ளே நுழையவே முடியவில்லை. தளத்தின் நகலான பேக்கப்பும் எடுத்து வைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு, சர்வரில் 'பிளகின்ஸ்' என்ற ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் தளம் திரும்பி வந்தது. அந்த ஃபோல்டர் வேர்ட்பிரஸின் கண்ணில் படாவிட்டால் பிளகின்கள் எல்லாம் தாமாகவே நின்றுவிடும். அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை, பூமாலை ஆர்டரை மறுபடி நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அதனால் தம்பிக்கு உண்மையான ஒரு வாடிக்கையாளரைக் கொடுங்கள். பூன் லேயில் முறுக்கு விற்கிறாரே உங்கள் தங்கை, அவரே போதும். தளத்துக்குப் பெயர் வாங்கும்போது '.com.sg' கேட்க வேண்டாம், பதிவு செய்த வணிகத்துக்குத்தான் அது கிடைக்கும். வெறும் '.com' போதும். பக்கத்தின் தலைப்பைத் தமிழில் வைக்கட்டும், ஆனால் அந்தப் பக்கத்தின் முகவரியை ஆங்கில எழுத்தில் அவனே தட்டட்டும். தமிழில் விட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் 9 ஆங்கில எழுத்துக் குறியீடாக விரிந்து, வேர்ட்பிரஸின் 200 எழுத்து வரம்பில் பாதியில் அறுந்துவிடும். ஆர்டர் படிவத்தில் பெயரும் போன் நம்பரும் மட்டும் வாங்கட்டும். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கூடாது.

வேர்ட்பிரஸ் மட்டும் தெரிந்தால் வேலை உறுதி என்று வகுப்புக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். தளத்தை எழுதும் கணினி மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் பிஎச்பி இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அதற்கு அவசரமில்லை, தங்கை தளத்தில் ஏதாவது உடையும்போது அவற்றை அவனே தேடிப் படிப்பான்.

மார்ச்சில் அவனை என்னிடம் அழைத்து வாருங்கள். லேப்டாப்பையும் கடைசியாக எடுத்த பேக்கப்பையும் கொண்டுவரட்டும். என் முன்னாலேயே தளத்தை அழித்துவிட்டு, அந்த பேக்கப்பிலிருந்து திருப்பி எழுப்பிக் காட்டச் சொல்வேன். எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.