முத்துமாலை இன்னும் எத்தனை தடவ அறும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம், பழைய சூப்பர் ஹீரோ கதைய எடுத்து புதுசா சொல்றாங்களே அது சரியா தப்பான்னு. அதனால மத்த கேள்வி எல்லாம் அடுத்த மாசம், கோச்சுக்காதீங்க.

கே: அண்ணே, பேட்மேனோட அப்பா அம்மா சாகறத எத்தனை தடவ தான் காட்டுவாங்க? அந்த முத்துமாலை அறுந்து ஒவ்வொரு முத்தா தரையில தெறிக்கறத பாத்தாலே பக்கத்த தள்ளிடறேன். புதுசா யோசிக்க ஆளே இல்லையா?

ப: நானும் தள்ளிருக்கேன் தம்பி. ஆனா பாருங்க, அந்த மாலை 1939லயே இருக்கு. டிடெக்டிவ் காமிக்ஸ் 27வது இதழ்ல பேட்மேன் வந்துட்டாரு, அவரு ஏன் இப்படி ஆனாருங்கறத 33வது இதழ்ல தான் சொன்னாங்க, அதுவும் ரெண்டே பக்கம். திருடன் வர்றான், அம்மா கழுத்துல இருக்கற நெக்லஸ கேக்கறான், அப்பா குறுக்க பாயறாரு, சுட்டுடறான், அவ்ளோதான். முத்து முத்தா தெறிக்கறது 1986ல ஃபிராங்க் மில்லர் தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்ல வரைஞ்சது. அங்க பேட்மேன் வேஷம் போடற புரூஸுக்கு 55 வயசு, பத்து வருஷமா வேஷத்த கழட்டி வெச்சுட்டு ராத்திரில டிவி சேனல மாத்திகிட்டே உக்காந்திருக்காரு, சின்ன வயசுல அப்பா அம்மாவோட கடைசியா பாத்த அந்த ஸோரோ படம் திடீர்னு ஓடுது, அவரால சேனல மாத்தவும் முடியல பாக்கவும் முடியல. அந்த இடத்துல தான் சின்ன சின்ன கட்டமா, வசனம் இல்லாம, மாலை அறுந்து விழுது. அந்தக் கிழவனுக்கு நாப்பது வருஷமா மனசுல ஓடிட்டு இருக்கற ஸ்லோ மோஷன் அது. பின்னாடி வந்தவங்க முத்த மட்டும் எடுத்துகிட்டு கிழவன விட்டுட்டாங்க, உங்களுக்கு அலுப்பு வர்றது அதனால தான்.

கே: ரீபூட், ரெட்கான், எல்ஸ்வேர்ல்ட்ஸ், அல்டிமேட், அப்சல்யூட்... தலை சுத்துது சார். ஒரு வரில சொல்லுங்க.

ப: ஒரு வரில முடியாது, மூணு வரில முயற்சி பண்றேன். ரீபூட்னா பழைய கணக்க மூடிட்டு புது கணக்கு, 1985ல ஆரம்பிச்ச க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்ங்கற காமிக்ஸ் தொடர் முடிஞ்ச கையோட 1986ல ஜான் பர்ன் சூப்பர்மேன முதல்லேர்ந்து எழுதினாரே அது மாதிரி (சூப்பர்மேனோட எதிரி லெக்ஸ் லூதர் பைத்தியக்கார விஞ்ஞானியா இருந்தவன் கோட்டு போட்ட பிசினஸ்மேன் ஆனது அப்போ தான்). ரெட்கான்னா கணக்கு அதே கணக்கு தான், பழைய பக்கத்துல மட்டும் ஒரு வரிய திருத்தறது. மீதி மூணும் பக்கத்து வீட்டு கதை, முக்கிய கதையோட சேராத தனி உலகம், அங்க யாரு செத்தாலும் நம்ம வீட்டு ஆளு செத்தா மாதிரி ஆகாது.

கே: ஸ்பைடர்மேன் எப்படி உருவானாருங்கறத 1962ல பதினோரு பக்கத்துல சொல்லி முடிச்சாங்க, 2000ல வந்த அல்டிமேட் ஸ்பைடர்மேன்ல அதுக்கு ஏழு இதழ் எடுத்துகிட்டாங்க. இது இழுவை இல்லாம வேற என்ன?

ப: இந்த சண்டைய நான் இருபது வருஷமா போட்டுட்டு இருக்கேன், சில நாள் உங்க பக்கம் சில நாள் எதிர் பக்கம். 1962ல அமேசிங் ஃபேன்டசி 15வது இதழ், அதோட அந்த பத்திரிகையே நின்னு போச்சு, கடைசி இதழ்ல போனா போகுதுன்னு விட்ட மாதிரி தான் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அந்த கதைய விட்டாங்க. திரும்ப எடுத்து படிச்சு பாருங்க, ஸ்பைடர்மேனா ஆகற பையன் பீட்டர வளத்த பென் மாமா எத்தனை கட்டத்துல வர்றாருன்னு எண்ணுங்க, ஒரு கையே போதும். அவரு சாகறத காட்டவே மாட்டாங்க, பீட்டர் வீட்டுக்கு வர்றான், வாசல்ல போலீஸ் கார், ஒரு போலீஸ்காரர் விஷயத்த சொல்றாரு. பெரிய சக்தி இருந்தா பெரிய பொறுப்பும் இருக்குன்னு எல்லாரும் மாமா வாயில வெச்சு சொல்றோமே, அது அந்த கதைல மாமா சொன்னதே இல்ல, கடைசி கட்டத்துல கதைசொல்லி சொல்றது! மாமா வாயில அத போட்டது பின்னாடி வந்தவங்க.

இப்ப 2000க்கு வருவோம். எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் என்ன பண்ணாருன்னா அந்த மாமாவ நமக்கு பழக விட்டாரு. பையன்கூட சண்ட போடறாரு, ஜோக் அடிக்கறாரு, இவனுக்கு என்ன ஆச்சுன்னு மே அத்தைகிட்ட கவலப்படறாரு. இதழ் இதழா போக போக நமக்கு தெரியும் இவரு சாகப்போறாருன்னு, தெரிஞ்சே பழகறோம், கொடுமையே அதுதான். பழசுல பீட்டரோட குற்ற உணர்ச்சி நம்மள உலுக்கும், புதுசுல மாமாவோட இழப்பு உலுக்கும், ரெண்டும் வேற வேற அடி. ஆனா முடிச்சு ஒண்ணு தான், அத அவரு தொடவே இல்ல: ஓடி வர்ற திருடன பீட்டர் பிடிச்சிருக்கலாம், பிடிக்கல, அவனே அப்புறம் மாமாவ கொன்னுடறான். முடிச்ச அங்கயே விட்டுட்டு கயித்த மட்டும் நீட்டினாரு. நான் மறுகதை எத பாத்தாலும் முதல்ல தேடறது இத தான், பழைய கதையோட முடிச்சு எங்கன்னு இந்த ஆளுக்கு தெரிஞ்சிருக்கா இல்லையா.

இழுவைன்னு நீங்க சொல்றதும் முழுக்க தப்பில்ல. அவரு பண்ணதுக்கு அப்புறம் எல்லாரும் பண்ண ஆரம்பிச்சு, ஒருத்தன் கதவ திறந்து வெளிய வர்றதுக்கே ஒரு இதழ் ஆகற காலம் வந்துச்சு. ஆனா பெண்டிஸும் ஓவியர் மார்க் பேக்லியும் சேர்ந்து விடாம 111 இதழ் போட்டாங்க, ஃபென்டாஸ்டிக் ஃபோர்ல ஸ்டான் லீ – ஜாக் கிர்பி ஜோடி போட்ட 102ஐயே தாண்டிட்டாங்க. இழுத்தவங்க அவ்ளோ தூரம் ஓட மாட்டாங்க.

கே: மைல்ஸ் மொராலஸ் வெறும் காப்பி தானே? உண்மைய சொல்லுங்க.

ப: உண்மையா சொல்றேன், இல்ல. 2011ல அல்டிமேட் உலகத்து பீட்டர் செத்ததும் வந்த பையன், எழுதினது அதே பெண்டிஸ், வரைஞ்சது சாரா பிச்செல்லி. பீட்டர் சாகறதுக்கு முன்னாடியே மைல்ஸுக்கு சக்தி வந்துடுச்சு, நமக்கெதுக்கு வம்புன்னு சும்மா இருந்துட்டான். அப்புறம் பீட்டர் செத்து போறான். நான் போயிருந்தா பிழைச்சிருப்பானோன்னு அவன அரிக்குது பாருங்க... புரியுதா, பீட்டருக்கு பென் மாமா எப்படியோ மைல்ஸுக்கு பீட்டரே அப்படி. முடிச்சு அதே முடிச்சு, ஆளுங்க மட்டும் ஒரு படி இறங்கி நிக்கறாங்க.

கே: வில்லன் கிரீன் காப்ளின் தள்ளி விட்டதால தானே பீட்டரோட காதலி க்வென் ஸ்டேசி செத்தா, அப்புறம் ஏன் ஸ்பைடர்மேன் கொன்னுட்டாருன்னு என் ஃப்ரெண்டு சாதிக்கறான்? ஸ்பைடர் க்வென் படிக்கறதுக்கு முன்னாடி இது தீரணும்.

ப: உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு டீ வாங்கி குடுங்க. 1973, அமேசிங் ஸ்பைடர்மேன் 121, எழுதினது ஜெர்ரி கான்வே, வரைஞ்சது கில் கேன். பாலத்து மேலேர்ந்து அவள தள்ளறான், பீட்டர் வலைய வீசி காலப் பிடிச்சுடறாரு, பிடிச்சதும் அவ கழுத்துகிட்ட குட்டியா ஒரு சத்தம் எழுதிருப்பாங்க, ஸ்னாப்னு. அவ்ளோ பெரிய கட்டத்துல அது கண்ணுலயே படாது, ஒருத்தர் காட்டினா தான் தெரியும், தெரிஞ்சுட்டா அந்த பக்கத்துல வேற எதுவும் கண்ணுல படாது. பீட்டர் பாலத்து மேல நின்னுகிட்டு காப்பாத்திட்டேன்னு பெருமையா பேசிட்டு இருப்பாரு, அதான் கொடுமை. சில இதழ் கழிச்சு வாசகர் கடிதத்துக்கு பதில் சொல்றப்ப, வலை சடார்னு நிறுத்தின அதிர்ச்சில தான் அவ செத்து போனான்னு பத்திரிகைக்காரங்களே ஒத்துகிட்டாங்க. (கேள்வி பதில் பகுதிய லேசா நினைக்காதீங்க.) இன்னொண்ணு, கதைல எழுதிருக்கறது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், படத்துல இருக்கறது பாத்தா புரூக்ளின் பாலம் மாதிரி. சண்ட போட இன்னொரு விஷயம், வெச்சுக்கோங்க.

2014ல ஜேசன் லாட்டரும் ராபி ரோட்ரிகஸும் செஞ்ச ஸ்பைடர் க்வென்ல சிலந்தி கடிச்சது க்வென. அவள மாதிரி ஆகணும்னு ஆசப்பட்ட பீட்டர், பசங்க எல்லாரும் சீண்டின பீட்டர், தானே லிசர்ட்ங்கற பல்லி அரக்கனா மாறி அவகூட சண்ட போட்டு செத்து போறான். அவளுக்கும் அதே வலி, காப்பாத்த வேண்டியவனே தன் கையால போயிட்டான்னு. கிளைமேக்ஸ்ல சாகறதுக்குன்னே இருந்த ஒரு பொண்ணுகிட்ட அந்த பாரத்த தூக்கி குடுத்தாங்க பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச மறுகதை இது.

கே: எக்ஸ் மென்ல டார்க் ஃபீனிக்ஸ் கதைய ரெண்டு தடவ படமா எடுத்தும் தேறலயே, ஏன்?

ப: எக்ஸ் மென் குழுவோட ஜீன் க்ரே பெரிய சக்தி வந்து ஃபீனிக்ஸா ஆனது 1976ல, நிலாவுல உயிர விட்டது 1980ல. நடுவுல நாலு வருஷம் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் அவள கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டு வந்தாரு. பசில ஒரு நட்சத்திரத்தையே விழுங்கிடறா, அத சுத்தின கிரகத்துல 500 கோடி உயிர் போயிடுது. முதல்ல போட்ட முடிவு என்னன்னா சக்திய மட்டும் பிடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடறது, தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் தான் 500 கோடி பேர கொன்னவ சும்மா போறதான்னு மறிச்சாரு, அதனால தான் அவ சாகற முடிவு வந்துச்சு. (போடாம விட்ட முடிவையும் 1984ல தனியா வெளியிட்டாங்க, படிச்சா ஷூட்டர் பக்கம் போயிடுவீங்க.) 2006லயும் சரி 2019லயும் சரி, படத்துல ஜீன் தெரிஞ்சே அந்த அளவு பாவம் பண்றதே இல்ல. பாவம் சின்னதான தண்டனைக்கு எடை எங்கேர்ந்து வரும்? ரெண்டு படத்தோட திரைக்கதைலயும் சைமன் கின்பெர்க் இருக்காரு, ரெண்டாவது தடவயாவது பிடிப்பாருன்னு ஆசையா போனேன், ம்ஹூம். இத்தனைக்கும் 1981ல ரெண்டே இதழ்ல வந்த டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட் 2014ல படமா நல்லா வந்துச்சு, காலத்துல பின்னாடி போறது கிட்டி ப்ரைடு இல்ல வுல்வரின்னு மாத்தியும் ஒண்ணும் கெடல.

கே: அப்சல்யூட் பேட்மேன்ல புரூஸ் ஏழையாமே? காசு இல்லாத பேட்மேன் என்ன பேட்மேன்?

ப: நானும் இப்படி தான் கேட்டுட்டு எடுத்தேன், 2024 அக்டோபர்ல வந்த முதல் இதழ ஒரே மூச்சுல முடிச்சேன். ஸ்காட் ஸ்னைடர் கதை, நிக் டிராகோட்டா ஓவியம். அப்பா ஸ்கூல் வாத்தியார், பசங்கள ஜூக்கு கூட்டிட்டு போன இடத்துல துப்பாக்கி சூட்டுல போயிடறாரு. அம்மா உயிரோட இருக்காங்க! முத்துமாலை கேள்வி கேட்ட தம்பி கவனிக்கவும். புரூஸ் சிவில் இன்ஜினியர், பட்லர் கிடையாது, மாளிகை கிடையாது, வழக்கமா எதிரிங்களா வர்ற பென்குவினும் ரிட்லரும் கில்லர் க்ராக்கும் இதுல சின்ன வயசு சிநேகிதங்க. பணம் எல்லாம் ஜோக்கர் பக்கம். நெஞ்சுல இருக்கற அந்த பெரிய வவ்வால் சின்னத்த கழட்டினா கோடாலி, காசு இல்லாதவன் எதையும் சும்மா அழகுக்கு மாட்டிக்க மாட்டான்ல. அம்மா இருக்கறதால இவனுக்கு ராத்திரி வீட்டுக்கு திரும்பி வரணும்ங்கற ஒரு பயம் இருக்கு, 85 வருஷமா எந்த பேட்மேனுக்கும் பெருசா இல்லாத பயம். சில இடத்துல உடம்ப ஊதி ஊதி வரைஞ்சு ஆள லாரி சைஸுக்கு ஆக்கிட்டாங்க, அது எனக்கு ஒத்து வரல.

கே: சூப்பர்மேன் போர், ஒத்துக்கோங்க.

ப: மாட்டேன். 2005ல வந்த ஆல் ஸ்டார் சூப்பர்மேன் முதல் பக்கத்த பாருங்க, கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் க்வைட்லி வரைஞ்சது. கிரகம் அழியறது, விஞ்ஞானிங்க தவிக்கறது, குழந்தைய அனுப்பறது, நல்ல மனசுக்கார தம்பதி எடுத்துக்கறது, நாலு கட்டம், கட்டத்துக்கு ரெண்டு வார்த்தை, மொத்தம் எட்டு. இது உனக்கு தெரியும், வா மேல போலாம்னு கைய பிடிச்சு இழுத்துட்டு போயிடறாங்க. மேல இழுவைன்னு கேட்டவருக்கும் இத தான் சிபாரிசு பண்றேன்.

கே: எட்டாவது படிக்கற என் பொண்ணுக்கு முதல்முதலா ஒண்ணு வாங்கணும். ரத்தம், இருட்டு எல்லாம் வேணாம்.

ப: சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி க்ளான் வாங்குங்கம்மா. 1946ல அமெரிக்க ரேடியோல சூப்பர்மேன் நாடகத்துல இனவெறி கும்பல் ஒண்ணோட மோதற மாதிரி ஒரு தொடர் வந்துச்சு, அத வெச்சு ஜீன் லுவென் யாங் 2019ல எழுதினது, படம் போட்டது குரிஹிரு. புது ஏரியாவுக்கு குடி வர்ற சீனக் குடும்பத்து பொண்ணு ராபர்ட்டா கண்ணால தான் கதைய பாக்கறோம். இதுல சூப்பர்மேன் ரொம்ப நேரம் பறக்க மாட்டாரு, கம்பி மேல ஓடுவாரு, தாவுவாரு. 1938ல முதல் கதைல அவரு தாவத்தான் செஞ்சாரு, ஒரு மைல்ல எட்டுல ஒரு பங்கு தூரம். யாங் அந்த பழைய விஷயத்த எடுத்து, ஆளு ஏன் பறக்கலன்னு ஒரு காரணம் வெச்சாரு: பறந்தா வேத்து ஆளுன்னு தெரிஞ்சுடும்னு அவருக்கே பயம். வெளியூர்லேர்ந்து வந்த பொண்ணுக்கும் அதே பயம். உங்க பொண்ணு முடிச்சதும் நீங்களும் எடுத்துடுவீங்க.

கே: 2024 அல்டிமேட் ஸ்பைடர்மேன்ல பீட்டருக்கு கல்யாணம் ஆகி ரெண்டு குழந்தையாம், பென் மாமா உயிரோட இருக்காராம். உங்க முடிச்சு தியரி என்னாச்சு?

ப: மாட்டி விட்டுட்டீங்களே. ஜோனதன் ஹிக்மேன் எழுத்து, மார்க்கோ கெக்கெட்டோ ஓவியம். இதுல பீட்டர சின்ன வயசுல கடிக்க வேண்டிய சிலந்திய ஒருத்தன் வேணும்னே கடிக்க விடாம பண்ணிட்டான். முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஏதோ ஒண்ணு குறையுதுன்னு மட்டும் தெரியுது, என்னன்னு தெரியல. அப்புறம் ஒரு நாள் சிலந்தி கைல கிடைக்குது, கடிக்க விடறதா வேணாமான்னு அவனே முடிவெடுக்கணும். செத்தது மே அத்தை. மாமா, பத்திரிகைக்காரர் ஜோனா ஜேம்சனோட சேர்ந்து புதுசா ஒரு பத்திரிகை ஆரம்பிக்கறாரு, அந்த ரெண்டு கிழவங்க பேசற பக்கங்களுக்காகவே படிக்கலாம். குற்ற உணர்ச்சிங்கற முடிச்ச அவுத்துட்டு, தொலைஞ்சு போன வாழ்க்கைன்னு வேற முடிச்சு போட்டாரு. அவுத்தது பரவால்ல, போட்டது உறுதியா இருக்கு. என் தியரில ஓட்டை தான், ஒத்துக்கறேன்.

கே: மேல நீங்க சொன்ன புக்கெல்லாம் உங்ககிட்ட இருக்குமே சார், இரவல் கிடைக்குமா?

ப: பேட்மேன் இயர் ஒன்னு ஒரு கதை, பேட்மேன் எப்படி ஆரம்பிச்சாருங்கறத திரும்ப சொல்றது, 1987, நாலே இதழ், மசுக்கெல்லி வரைஞ்சது. அத நான் ஏன் இந்த பகுதில பேசவே இல்லன்னு யோசிச்சீங்களா? இரவல் போயிருக்கு. ஆறு வருஷமா.